மூன்று நிமிடச் சட்டம் பிறந்த கதை

1966 நவம்பரில், நன்றி நவிலல் திருநாளை ஒட்டிய சில நாட்கள் நியூயார்க்கில் காற்று அசையவில்லை. வெப்பக் காற்றுப் படலம் ஒன்று மேலே மூடிபோல் கவிந்துகொண்டது. அடுக்குமாடிகளில் குப்பை எரித்த புகை, மின்நிலையப் புகை, வண்டிப் புகை எல்லாம் போக்கிடம் இல்லாமல் தெருக்களிலேயே தேங்கின. திருநாள் ஊர்வலமும் அந்தப் புகைக்குள்தான் போனது. அந்த நாட்களில் வழக்கத்தைவிட 168 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பிறகு வந்த ஆய்வு கணக்கிட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1971இல், மேயர் ஜான் லின்ட்சே காலத்தில் நகரம் காற்று மாசு விதிகளைத் திருத்தி எழுதியது. நிறுத்திய வண்டியின் என்ஜினை மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடக்கூடாது என்ற தடை அப்போது வந்தது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சரக்கை ஏற்றி இறக்கும் கருவி என்ஜினின் விசையில் இயங்கினால் அதற்கும் உண்டு. மற்றவர்கள் அணைத்துவிட வேண்டும்.

சட்டம் பிறந்தது, நடக்கப் பழகப் பல பத்தாண்டுகள் ஆயின. குற்றத்தை நிரூபிக்க ஓர் ஆய்வாளர் வண்டிக்குப் பக்கத்தில் மூன்று நிமிடம் முழுதாக நிற்க வேண்டும். அவரைக் கண்டதும் டிரைவர் சாவியைத் திருப்பிவிடுவார், அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மான்ஹாட்டனில் ஒரு நாளைக்கு எத்தனை லாரிகள் இப்படி நிற்கின்றன! ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வாளரை எந்த நகராட்சியாலும் வைக்க முடியாது. டிரைவரின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பனிக்காலத்தில் ஹீட்டரும் கோடையில் ஏசியும் என்ஜினை நம்பித்தான் இருக்கின்றன. வண்டிதான் அவருடைய ஆபீஸ், சாப்பாட்டு அறை எல்லாம். கார்புரேட்டர் காலத்தில் என்ஜினைச் சூடாக்கிக் கிளம்பிய பழக்கமும் கையைவிட்டுப் போகவில்லை. இன்றைய என்ஜினுக்கு அது தேவையில்லை. பத்து நொடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்து மறுபடி கிளப்புவதில்தான் எரிபொருள் மிச்சம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது.

இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் பேக்கன்ஹாம் என்ற வங்கியாளர். தெருவில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியைக் கண்டால் கண்ணாடியைத் தட்டி, சட்டத்தை அச்சிட்ட சிறிய அட்டையைக் கொடுத்து, அணைக்கும்படி கேட்பார். கேட்டவர்களில் பெரும்பாலோர் அணைத்தார்கள். ஒவ்வொரு சந்திப்பையும் வீட்டில் அட்டவணையாகப் பதிந்து வைத்தார். 2012இல் அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய அட்டையின் வலிமை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே, 2009இல், பள்ளிக்கூடங்களை ஒட்டிய இடங்களில் மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கியது. மிக நியாயமான திருத்தம். குழந்தை தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதன் மூக்கும் புகைக்குழாயின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக அறிவித்தது. ஆஸ்துமா மிகுந்த சவுத் பிராங்ஸ் போன்ற பகுதிகளில் லாரிகளின் நடமாட்டமும் மிகுதி.

பெரிய திருப்பம் 2018இல் வந்தது. நகர மன்ற உறுப்பினர் ஹெலன் ரோசன்தால் முன்னெடுத்த சட்டம், ஆய்வாளரின் வேலையைப் பொதுமக்களிடமும் கொடுத்தது. லாரியோ பேருந்தோ மூன்று நிமிடத்துக்கு மேல் என்ஜினை ஓடவிட்டு நிற்பதை, எண் பலகை தெரிய, என்ஜின் சத்தம் கேட்க, போனில் வீடியோ எடுத்து அனுப்பலாம். பள்ளி அருகே என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் போதும். அபராதம் வசூலானால் அதில் நான்கில் ஒரு பங்கு புகார் செய்தவருக்கு. குறைந்த அபராதமான 350 டாலருக்கு அது 87 டாலர் 50 சென்ட்.

2020இல் நகரம் ராக் பாடகர் பில்லி ஐடலை வைத்துப் பிரசாரமும் நடத்தியது. புகார்கள் ஆண்டுக்குப் பல்லாயிரமாகப் பெருகின. சிலருக்கு இது முழுநேர வருமானமாகவே ஆனது. வீடியோ எடுத்தவர்களை டிரைவர்கள் தாக்கிய சம்பவங்களும் நடந்தன. பணத்துக்காகத்தான் செய்கிறார்கள் என்று லாரி நிறுவனங்கள் குறைபட்டன. பணத்துக்காகச் செய்தால்தான் என்ன? பல பத்தாண்டுகள் தாளில் கிடந்த விதி, அபராதச் சீட்டு வந்து விழத் தொடங்கிய பிறகுதான் முதலாளிகளின் மேசைக்குப் போனது. டிரைவர் குளிரில் உட்காராமலிருக்க, என்ஜின் இல்லாமல் இயங்கும் ஹீட்டரை வாங்கித் தர வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எனக்குள்ள குறை வேறு. மூன்று நிமிட விதி சொந்தக் கார்களுக்கும் பொருந்தும். ஆனால் இந்தப் புகார்த் திட்டம் லாரி, பேருந்து போன்ற வணிக வண்டிகளோடு நின்றுவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைக்காக என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரின் காரையும் அதில் சேர்க்க வேண்டும்.