குளத்தில் ஏர் பூட்டிய குளிர்காலம்

அமெரிக்காவின் பழைய குளிர்காலப் படங்களில் உறைந்த குளத்துக்குத்தான் முதலிடம். நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சகம், சென்ட்ரல் பார்க் குளத்தில் மக்கள் சறுக்கி விளையாடும் காட்சியை 1862-இல் வண்ணப் படமாக வெளியிட்டது. ஓவியர் ஜார்ஜ் டியூரி தீட்டிய இன்னொரு குளம் 1864-இல் அச்சானது. அதில் ஆட்கள் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். சென்னை வரலாற்றோடு உறவுடையது இந்த இரண்டாவது படம்தான்.

மார்கழி விடியலிலும் தாம்பரத்தில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். இங்கே குளம் உறைய வழியே இல்லை. ஆகவே பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் பனிக்கட்டியைக் கப்பலேற்றினார். 1833-இல் அவருடைய முதல் சரக்கு கல்கத்தா சேர்ந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் மிஞ்சியது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். அப்படியும் பாதிக்கு மேல் தப்பியது பெரிய சாதனைதான்.

அதன் பின்னே கடும் உழைப்பு இருந்தது. உறைந்த குளத்தின் மேல் விழுந்த பனியை முதலில் வழித்துத் தள்ளுவார்கள். அது போர்வைபோல் மூடிக்கொண்டால் அடியில் கட்டி தடிக்காது. பிறகு குதிரை பூட்டிய ஏரால் கட்டம் கட்டமாகக் கீறி, ரம்பத்தால் அறுப்பார்கள். அந்த ஏரை 1825-இல் உருவாக்கியவர் நத்தேனியல் வைத். கட்டிகளைச் சுற்றி மரத்தூள் திணித்துக் கப்பலில் அடுக்குவார்கள். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் இந்த அறுவடையை நேரில் பார்த்த எழுத்தாளர் தோரோ, தன் நூலில் சென்னையின் பெயரையும் சேர்த்து எழுதினார்.

சென்னையில் 1842-இல் திருவல்லிக்கேணிக் கடலோரம் டியூடரின் கிடங்கு எழுந்தது. 1870-களில் இயந்திர ஐஸ் வந்ததும் இந்த வணிகம் படுத்துவிட்டது. பின்னர் கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் இடிபட்டுப் போயின. சென்னைக் கிடங்கு மட்டும் நிற்கிறது. அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர்.