இரண்டு பின்னல் பத்திரிகைகள்: ரோவனும் நிட்டியும்

பின்னல் பத்திரிகையை வாங்குபவர் படித்துவிட்டு மூடி வைப்பதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் ஊசியும் நூலும் எடுத்துச் செய்து பார்க்கிறார். சமையல் குறிப்பில் பிழை இருந்தால் அன்று மாலையே நாக்கு சொல்லிவிடும். ஸ்வெட்டர் குறிப்பில் ஓர் எண் பிசகினால் தெரியவர இரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் முதுகுப் பக்கமும் முன்பக்கமும் முடிந்திருக்கும். கையைத் தோளோடு சேர்த்துத் தைக்கும்போதுதான் அளவு இடிக்கும். வாசகரின் இத்தனை மணி நேரத்தைக் கேட்டு வாங்கும் பத்திரிகை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதன் பின்கட்டில் யார் இருக்கிறார்கள், யார் பணம் போடுகிறார்கள், எவருடைய கைகள் உழைக்கின்றன என்பதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இரண்டு பத்திரிகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹோம்ஃபர்த் என்ற ஊரில் வளர்ந்த ரோவன் நூல் நிறுவனம் 1986இல் தொடங்கிய பத்திரிகை. ஆண்டுக்கு இரண்டு இதழ்கள். கனமான தாள், பக்கம் நிறைய வண்ணப்படங்கள். மற்றது, கனடாவின் டொராண்டோவில் எமி சிங்கர் 2002இல் இணையத்தில் தொடங்கிய ‘நிட்டி’. காலாண்டிதழ், தாளில் அச்சாவதில்லை, பின்னல் குறிப்புகளை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பின்னல் நூலிலிருந்து தொடங்குகிறது, மற்றதில் பின்னுபவரின் மனத்திலிருந்து தொடங்குகிறது. மற்ற எல்லா வேறுபாடும் இந்த இடத்தில்தான் கிளைவிடுகிறது.

ரோவனை ஸ்டீபன் ஷெர்டும் சைமன் காக்கினும் 1978இல் தொடங்கினார்கள். கடைகளில் செயற்கை இழை நூல் மலிந்திருந்த காலம் அது. கம்பளி, பருத்தி, பட்டு போன்ற இயற்கை நூல்களை, கண்ணை நிறுத்தும் வண்ணங்களில் தருவது அவர்கள் தேர்ந்த வழி. அந்த வண்ணங்களுக்குப் பின்னால் கேஃப் ஃபாஸெட் இருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் 1937இல் பிறந்த ஓவியர். அறுபதுகளில் இங்கிலாந்துக்கு வந்தவர், ஸ்காட்லாந்துப் பயணம் ஒன்றில் அந்நிலத்தின் நிறங்களையே கொண்ட கம்பளி நூல்களைப் பார்த்து அள்ளிக்கொண்டார். திரும்பும் ரயிலில் சக பயணி ஒருவர் அவருக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரே ஸ்வெட்டரில் இருபது நிறங்களைக் கோப்பதற்கு அவர் அஞ்சவில்லை, ஓவியர் தட்டில் இருபது நிறம் வைத்திருப்பது இயல்புதானே. அவருடைய ‘குளோரியஸ் நிட்டிங்’ 1985இல் வந்தது. மறு ஆண்டு ரோவனின் பத்திரிகை வந்தது. 1988இல் லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது.

இருபது நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் என்றால் இருபது நிறத்தில் நூல் விற்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரோவன் பத்திரிகையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நூல் நிறுவனத்தின் பத்திரிகையில் ஆசிரியர் குழுவின் மேசைக்கு முதலில் வருவது நிற அட்டை. அடுத்த குளிர்காலத்துக்கு எந்த நூல் புதிதாக வருகிறது, எந்த நிறம் கூடுகிறது என்பது முடிவான பிறகுதான் வடிவமைப்பாளருக்கு வேலை. கிட் மொஹேரும் பட்டும் கலந்த கிட்சில்க் ஹேஸ் போன்ற நூல் கையில் இருந்தால் காற்றில் மிதக்கும் சால்வை வரும். தடித்த நூல் வந்தால் தடித்த ஜாக்கெட் வரும். கிம் ஹார்கிரீவ்ஸ், மார்ட்டின் ஸ்டோரி, மேரி வாலின் ஆகியோரின் வடிவங்களில் இந்த ஒழுங்கைக் காணலாம். நூலின் குணம் தெரிந்தவர் வரைந்த உடை என்பது பார்த்தவுடன் விளங்கும். எனக்கு அந்த இதழ்களில் மிகப் பிடித்தது இதுவே: நூலும் வடிவமும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்காது.

நிட்டியின் மேசையில் நிற அட்டை கிடையாது. அதன் ஆசிரியருக்குக் கம்பளி ஒவ்வாமை உண்டு. எமி சிங்கர் கம்பளியை உடுத்த முடியாதவர். பருத்தி, பட்டு, லினன் நூல்களைக் கொண்டு பின்னுவதைப் பற்றி 2007இல் ‘நோ ஷீப் ஃபார் யூ’ என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டு மயிரைத் தொட முடியாத ஒருவர் உலகம் முழுக்கப் படிக்கும் பின்னல் பத்திரிகையை நடத்தினார் என்பது எனக்கு இன்றும் உவகை தரும் செய்தி. நூல் ஆலைக்குச் சொந்தமான பத்திரிகையில் அவருக்கு இடமே இருந்திருக்காது. வெயில் காயும் ஊரில் இருந்துகொண்டு பின்னுபவருக்கு, பருத்தியையும் பொருட்படுத்திய ஆசிரியர் ஒருவர் கிடைத்ததன் அருமை தெரியும்.

நிட்டிக்கு வேலை வருவது வெளியிலிருந்து. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் எண்ணத்தையோ வரைபடத்தையோ அனுப்பினால் போதாது. பொருளைப் பின்னி முடித்து, குறிப்பை முழுதாக எழுதி, நல்ல புகைப்படங்களையும் எடுத்து அனுப்பவேண்டும். தேர்வானால் ஆசிரியர் குழு அதைச் சரிபார்த்து வெளியிடும். பதிப்புரிமை வடிவமைப்பாளரிடமே இருக்கும். பத்திரிகைக்கு வருமானம் விளம்பரத்திலிருந்தும், பிற்காலத்தில் வாசகர்கள் தாமாகத் தரும் ஆதரவுத் தொகையிலிருந்தும் வந்தது.

இந்தத் திறந்த கதவு வழியே வந்தவற்றில் இரண்டைச் சொல்லவேண்டும். 2004 இலையுதிர்கால இதழில் கேட் கில்பர்ட்டின் ‘கிளாப்போட்டி’ என்ற சால்வை வந்தது. பின்னுபவர் எல்லாருக்கும் ஓர் அச்சம் உண்டு: ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் அது வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்துகொண்டே போகும். கில்பர்ட் அந்த அச்சத்தையே அழகாக்கினார். மூலைவாக்கில் பின்னிக்கொண்டு வந்து, குறித்த இடங்களில் கண்ணிகளை வேண்டுமென்றே நழுவவிட்டு, ஏணிபோல் இடைவெளிகள் திறக்கும்படி செய்தார். பல நிறம் கலந்து சாயமிட்ட நூலில் அது சுடர்ந்தது. பின்னுபவர்களின் தளமான ரேவல்ரி 2007இல் வந்த பிறகு அங்கே இந்தச் சால்வையைப் பின்னியதாகப் பதிந்தவர்கள் இருபதாயிரத்தைத் தாண்டினார்கள்.

இன்னொன்று 2005 இலையுதிர்கால இதழில் பெரில் சாங் தந்தது. மார்பக அறுவைக்குப் பிறகு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை உறுப்புகள் கனமாகவும் வியர்க்கவைப்பவையாகவும் இருந்ததால், மென்மையான நூலில் அவர் தமக்கே ஒன்று பின்னிக்கொண்டார். அந்தக் குறிப்பை எல்லாருக்கும் கொடுத்தார். பின்னாளில் அறுவை முடிந்த பெண்களுக்கு இப்படிப் பின்னித் தரும் தன்னார்வக் குழுக்கள் பல இடங்களில் கிளம்பின. இதற்கு ஆகும் நூல் ஒரு சிறு கண்டுகூட இல்லை. நிற அட்டையிலிருந்து தொடங்கும் திட்டத்தில் இப்படி ஒரு பக்கம் உருவாக வழியில்லை. நான் இவ்விரண்டு பத்திரிகைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், இந்த ஒரு பக்கத்துக்காகவே நிட்டியை வைத்துக்கொள்வேன்.

இனி, இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் நடக்கும் வேலைக்கு வருகிறேன். வாசகர் கண்ணில் படாதது அது. பத்திரிகையின் மானம் முழுவதும் அதில் இருக்கிறது. குறிப்பைச் சரிபார்ப்பவரைத் தொழில்நுட்ப எடிட்டர் என்கிறார்கள். அவர் ஊசியைவிடக் கால்குலேட்டரை அதிகம் தொடுபவர். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணி என்பது குறிப்பின் அளவு என்று வைத்துக்கொள்வோம். நூறு சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஸ்வெட்டருக்கு 220 கண்ணி வேண்டும். பின்னும் கை சற்றே தளர்ந்து பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டராக விரிந்துவிடும். பத்து சென்டிமீட்டர் கூடினால் அது வேறு ஆளுடைய ஸ்வெட்டர். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பாருங்கள் என்று எல்லாக் குறிப்பும் தலையிலேயே சொல்வது இதனால்தான்.

எடிட்டரின் தலைவலி இதோடு முடியாது. அந்த ஸ்வெட்டரில் ஓடும் பூவேலை பன்னிரண்டு கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், 220 பன்னிரண்டால் வகுபடாது. 216க்கு இறங்கலாம், அல்லது 228க்கு ஏறலாம். இறங்கினால் 98 சென்டிமீட்டர், ஏறினால் ஏறக்குறைய 104. அடுத்த அளவுக்கும் அதற்கடுத்த அளவுக்கும் இதே கணக்கை மீண்டும் போடவேண்டும். அக்குளில் எத்தனை கண்ணி குறைப்பது, கழுத்து எங்கே பிரிவது, கையின் மேல்வளைவு தோள்வெட்டோடு பொருந்துமா என்று ஒவ்வோர் அளவுக்கும் பார்க்கவேண்டும். மாதிரிக்காகப் பின்னப்படுவதோ பெரும்பாலும் ஒரே ஓர் அளவு. மற்ற அளவுகள் எவர் உடம்பையும் தொடாமல், எடிட்டரின் கணக்கை மட்டும் நம்பி வாசகர் கைக்குப் போகின்றன. படத்தில் மாடல் அணிந்திருக்கும் அளவு மட்டும் அழகாக அமைந்து, பெரிய உடம்புக்காரர் பின்னியது தோளில் தொங்கினால், அங்கே யாரோ கணக்கை முழுதாகப் போடவில்லை என்று பொருள். இதில் எந்தப் பத்திரிகைக்கும் நான் சலுகை தரமாட்டேன்.

குறிப்பு எழுதும் நடையிலும் இரண்டும் பிரிகின்றன. ரோவனின் குறிப்புகள் பெரும்பாலும் முதுகு, முன்பக்கம், கைகள் என்று தனித்தனியாகத் தட்டையாகப் பின்னி, பிறகு தைத்துச் சேர்க்கும் பிரிட்டிஷ் மரபில் வருபவை. அச்சில் இடம் குறைவு. சுருக்கெழுத்துகளும் சிறு கட்டப்படங்களுமாக சில பக்கங்களுக்குள் உடை முழுவதும் அடங்கியாகவேண்டும். ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது போதும். நிட்டிக்குப் பக்கத் தட்டுப்பாடு இல்லை. புதிய நுணுக்கம் வந்தால் படிப்படியாகப் படம் போட்டு விளக்கலாம். வட்ட ஊசியில் தையலே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னும் முறைக்கு அங்கே தாராளமாக இடம் கிடைத்தது.

தட்டையாகவா வட்டமாகவா என்ற இந்தச் சண்டை நிட்டிக்கு மிக முந்தியது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த, இங்கிலாந்தில் பிறந்த எலிசபெத் ஸிம்மர்மன் 1950களில் தம் வடிவங்களை வெளியீட்டாளர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் வட்டமாகப் பின்னியதை அங்கிருந்த ஆசிரியர்கள் தட்டையாகப் பின்னித் தைக்கும் குறிப்பாக மாற்றி எழுதி வெளியிட்டார்கள். வாசகர்களுக்கு அதுதான் பழக்கம் என்பது அவர்கள் எண்ணம். மனம் பொறுக்காத ஸிம்மர்மன் 1958இல் தாமே ஒரு செய்திமடல் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஸ்கூல்ஹவுஸ் பிரஸ் பிறந்தது. நூலை விற்கவும் செய்தார், ஆனால் குறிப்பின் சொற்களை வேறு எவர் கைக்கும் விடவில்லை. வடிவமைப்பாளரிடமே உரிமையை விட்டுவைக்கும் நிட்டியின் வழக்கத்துக்கு முன்னோடி அந்தச் செய்திமடல் என்றே நினைக்கிறேன்.

உழைப்புக்கு வந்தால் என் மனம் மறுபக்கம் சாய்கிறது. அச்சுப் பத்திரிகையில் வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்ததை வீட்டில் இருந்தபடி பின்னித் தரும் மாதிரிப் பின்னலாளர்கள் உண்டு. கெடுவோ குறுகியது. நூலுக்கும் கைக்கும் கூலி உண்டு. அது போதுமானதா என்பது வேறு கேள்வி, ஆனாலும் கூலி என்று ஒன்று கணக்கில் இருக்கிறது. புகைப்படக்காரர், மாடல், ஒப்பனைக்காரர் எல்லாரும் சம்பளத்துக்கு வருகிறார்கள். குளிர்கால இதழுக்காகக் கோடையில் கம்பளிக் கோட்டு அணிந்து நிற்கும் மாடலின் வியர்வைக்கும் ஒரு தொகை உண்டு. நிட்டியின் முறையில் இந்த ஐந்தாறு பேரின் வேலையும் வடிவமைப்பாளர் ஒருவர் தலையில் இறங்குகிறது. அவரே நூல் வாங்கவேண்டும், பின்னவேண்டும், தோழியை நிறுத்திப் படமெடுக்கவேண்டும். தேர்வாகாவிட்டால் அத்தனையும் அவர் செலவு. திறந்த கதவு என்று மேலே புகழ்ந்தேனே, அதன் வாடகையைக் கட்டுபவர் இவர்தான். புகழ் வந்தால் வகுப்பு நடத்தலாம், புத்தகம் போடலாம்; ‘மங்க்கி’ காலுறையை 2006 குளிர்கால இதழில் தந்த குக்கி ஏ என்ற வடிவமைப்பாளருக்கு அப்படி வழி திறந்தது. எல்லாருக்கும் திறப்பதில்லை.

காலத்தை இரண்டும் தாங்கும் விதமும் வேறு. ரோவனின் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஏராளம், தாள் கெடவில்லை. நூல்தான் நின்றுவிடுகிறது. நிறுவனம் ஒரு நூலை உற்பத்தியிலிருந்து நீக்கியதும், அதற்கென்றே எழுதிய குறிப்பு துணையிழந்து நிற்கும். அதே பருமனும் அதே துவளும் தன்மையும் உள்ள வேறு நூலை வாசகர் தேடித் திரியவேண்டும். நிட்டியின் குறிப்பு தொடக்கத்திலிருந்தே கையில் இருக்கும் நூலுக்கு மாற்றிக்கொள்ளப்பட்டுப் பழகியது. பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அன்றே திருத்தலாம் என்பது அதற்கு இன்னொரு வசதி. அச்சிதழில் திருத்தம் அடுத்த இதழுக்குக் காத்திருந்த காலம் உண்டு. அதற்குள் ஆயிரம் பேர் அந்த வரிசையைத் தாண்டியிருப்பார்கள்.

கேட் கில்பர்ட் 2008இல் ‘ட்விஸ்ட் கலெக்டிவ்’ என்ற இணைய இதழைத் தொடங்கினார். நிட்டியின் இணையமும் அச்சிதழின் நேர்த்தியான படங்களும் அதில் சேர்ந்திருந்தன. குறிப்புகளை விலைக்கு விற்று, விற்ற அளவுக்கு வடிவமைப்பாளருக்குப் பங்கு தரும் ஏற்பாடு. நிட்டியில் குறிப்பு வெளியிட்டுப் பெயர்பெற்ற ஒருவரே இந்த வழியை யோசித்தது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் ரேவல்ரி வளர்ந்து, வடிவமைப்பாளர் தம் குறிப்பைத் தாமே விற்கும் சந்தையும் அங்கே அமைந்துவிட்டது. இப்போது பலர் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாமல் நேரடியாக விற்கிறார்கள். தொழில்நுட்ப எடிட்டரைத் தம் கைப்பணத்தில் அமர்த்திக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் பின்னிப் பார்க்கச் சோதனைப் பின்னலாளர்களை அழைக்கிறார்கள். மாதிரிக்கு ஓர் அளவுதான் என்ற பழைய குறை இதனால் தீர்கிறது. ஆனால் அந்தச் சோதனைப் பின்னலாளர்களில் பலருக்குக் கிடைப்பது குறிப்பின் ஒரு படி மட்டும். ஒரு ஸ்வெட்டருக்கான நூலும் வாரக்கணக்கான மாலைகளும் அவர்களுடைய சொந்தச் செலவு.