தானியங்கி எழுத்து: ஒரு பழைய வாக்குறுதி

கம்ப்யூட்டர் தானே புரோகிராம் எழுதிவிடும் என்ற பேச்சு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததோடு பிறந்ததல்ல. அதற்கு எழுபது வயதாகிறது. 1954ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் பேக்கஸும் அவரது சிறு குழுவும் ஃபோர்ட்ரான் பற்றி எழுதிய முதல் அறிக்கையிலேயே, யந்திரத்துக்கான கட்டளைகளை வரிவரியாக எழுதுவதும் அதில் பிழை தேடுவதும் அநேகமாக ஒழிந்துபோகும் என்று சொல்லியிருந்தார்கள். 1957ல் ஃபோர்ட்ரான் வெளிவந்தபோது அதற்குத் தந்த அடைமொழியும் 'தானியங்கி' என்பதுதான். இன்று மனிதக் கைவேலை பறிபோகிறதே என்று நாம் இரங்குகிற அதே வேலை, அன்று யந்திரத்தின் வேலையாக எண்ணப்பட்டது.

அதற்கு முன் யந்திரத்தின் பாஷையிலேயே எழுதிக்கொண்டிருந்தவர்களைப் பேக்கஸ் பின்னாளில் பூசாரிகளுக்கு ஒப்பிட்டார். பூசாரிகள் தோற்றார்கள். ஆனால் எழுதுகிறவர்கள் குறையவில்லை, பெருகினார்கள். இன்றைய நம்பிக்கைவாதிகள் சரித்திரத்தை இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, இப்போதும் அப்படியே நடக்கும், பயப்படாதே என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஃபோர்ட்ரான் ஒரு பாஷையை எடுத்துக்கொண்டு இன்னொரு பாஷையைக் கொடுத்தது. அதற்கும் இலக்கணம் இருந்தது. தப்பாக எழுதினால் யந்திரம் ஏற்காது. இந்த மறுப்புதான் பள்ளிக்கூடம். 1964ல் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு கணித ஆசிரியர்கள் பேசிக் பாஷையை உருவாக்கியது விஞ்ஞானம் படிக்காத மாணவர்களையும் மனத்தில் வைத்துத்தான். இலக்கியமோ சரித்திரமோ படிக்கிறவனுக்கும் தன் வாக்கியம் நிராகரிக்கப்படும் அனுபவம் கிடைத்தது. தான் சொன்னது வேறு, சொல்ல நினைத்தது வேறு என்பது அங்கே ஸ்தூலமாகத் தெரியும். (நம் கவிஞர்கள் சிலருக்கு ஒரு பருவமாவது இந்தப் பயிற்சி தேவை.)

2021ல் கோபைலட் வந்ததிலிருந்து நிலைமை வேறு. கேட்கிறவனுக்கு இலக்கணம் வேண்டாம். எப்படிக் கேட்டாலும் ஒரு பிரதி வந்துவிடுகிறது, பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

டேனிஷ்காரரான பீட்டர் நவுர் 1985ல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே முக்கியமாகிறது. புரோகிராம் என்பது தாளில் உள்ள எழுத்தல்ல, அதை ஆக்கியவர்களிடம் உருவாகியிருக்கிற புரிதல் என்றார் அவர். அந்தக் கூட்டம் கலைந்தால் புரோகிராம் செத்துவிடுகிறது, எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும். நவுர் கண்டது ஆட்கள் போன பிறகு வருகிற சாவு. இப்போது வருகிற பிரதிகள் பலவற்றில் அந்தப் புரிதல் எவரிடமும் ஒரு கணமும் இருந்ததில்லை.

நம் பக்கத்துக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 2000ம் வருஷக் கோளாறைச் சரிசெய்ய சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்தவர்கள் செய்தது பெரிதும் வாசிப்புதான். எங்கோ யாரோ எழுதிவிட்டுப் போன கோபால் வரிகளை, எழுதியவன் பக்கத்தில் இல்லாமல், ஊகித்து ஊகித்து வாசித்தார்கள். கூலி வேலை என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. செத்த பிரதிக்குள் ஒரு புரிதலைத் திரும்ப ஏற்றுகிற காரியம் அது. புதிதாக வேலைக்கு வந்தவன் தேறியதும் அங்கேதான். சின்னத் திருத்தம், சின்னச் சோதனை என்று அவனுக்கு ஒதுக்கப்பட்ட அதே வேலைகளைத்தான் யந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது.

1983 ஒப்பந்தத்துக்குப் பிறகு வங்கிகளில் யந்திரங்கள் பரவியபோதும் வாதம் பெரிதும் எத்தனை தலை குறையும் என்பதாகவே இருந்தது. பேரேட்டைச் சமன் செய்யக் காசு வித்தியாசத்தை இரவுவரை தேடிய குமாஸ்தா அதில் என்ன கற்றான் என்பதை எந்தத் தரப்பும் கணக்கில் எழுதவில்லை. இன்றும் தலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் செயற்கை அறிவுக்கு முந்தியது. ஒரு வித்தியாசம்: சீனியரின் நோட்டில் அவன் பிழைகளும் கூடவே வரும். லாபில் அது ஓடாது. அரைமணி நேரமாவது முழித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அரைமணியும் இப்போது இல்லை.

மிஞ்சியிருப்பது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் ஒரு வகுப்பு முழுவதையும் பிற்பகலுக்குள் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடிக்க வேண்டியவர். ஒரு மாணவனுக்குச் சில நிமிஷம். இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சில நிமிஷத்தில் அவர் கேட்கலாம். பெரும்பாலும் பெயரையும் பரிசோதனையின் தலைப்பையும் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்.