திருகையிலிருந்து திருகு ஊட்டி வரை: ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியில் தானிய ஊட்டக் கட்டுப்பாடு

ஓசூரின் தொழில் வரலாற்றை 1971இல் நிறுவப்பட்ட சிப்காட்டிலிருந்து தொடங்குவது இயல்பு. ஆயின், மூலப்பொருளை அளவறிந்து எந்திரத்துக்கு ஊட்டும் நுட்பம் அதனினும் பழையது. கேழ்வரகு விளையும் இப்பகுதியில் திருகையில் மாவரைத்த பெண்கள், ஒரு கையால் கல்லைச் சுழற்றி, மறுகையால் தானியத்தைச் சிறிது சிறிதாக இட்டனர். மிகுந்தால் மாவு கொரகொரப்பாகும்; குறைந்தால் கல்லோடு கல் உரசும். சுழற்சிக்கேற்ற அளவைக் கையே கணித்தது.

மாவு ஆலையில் இப்பணி ஹாப்பரின் அடித்தகட்டுக்கு மாறியது. உயர்ந்த கலத்தில் தானிய எடையின் பெரும்பகுதியைச் சுவர்களே தாங்குவதை 1895இல் ஜெர்மன் பொறியாளர் யான்சென் விளக்கினார். நீரைப் போலன்றி, இருப்பு குறைந்தாலும் தானியம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்கும்; திறப்பின் அகலமே அளவைத் தீர்மானிக்கும். ஒட்டுந்தன்மையுள்ள நுண்பொடியோ திறப்பின்மேல் வளைவாகக் கட்டி நின்றுவிடும். அதனால்தான் மருந்து, நெகிழி ஆலைகளுக்குத் திருகு ஊட்டிகளும், கலத்தின் எடை குறைவதை அளந்து வேகத்தைத் திருத்தும் கருவிகளும் தேவைப்பட்டன.

இக்கருவிகள் செய்வது, திருகைமுன் அமர்ந்த பெண்கள் செய்த அதே கணிப்பையே. ஆலைகளை மட்டும் எண்ணும் தொழில் வரலாறு, அவர்களின் அறிவை வெறும் உடலுழைப்பாகவே பதிவுசெய்யும்.