மூன்று மாதக் கணக்கு: சிங்கப்பூரில் வீடும் விடுதியும்

சிங்கப்பூரில் ஒருவர் தமது வீட்டையோ அதில் ஓர் அறையையோ ஆகக் குறைந்தது எத்தனை நாளுக்கு வாடகைக்கு விடலாம்? கேள்வி எளிமையானதுதான். ஆனால், சொந்த வீடு வைத்திருப்பவர்களில் பலர்கூட இதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தடுமாறுவார்கள். தனியார் வீடு என்றால், வாடகைக்கு வருபவர் தொடர்ந்து மூன்று மாதமாவது தங்கவேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால் ஆறு மாதம். வீவக வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடவே கூடாது.

"வீடு என்னுடையது, கடன் கட்டுவதும் நான். நான்கு நாளுக்கு விட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும், அந்நியர் தங்கும் கூரைக்கு யார் பொறுப்பு என்ற கவலை இந்த ஊருக்கு இணையத்தோடு வந்ததன்று. ஊர் உருவான காலத்திலிருந்தே அது இருக்கிறது.

சிங்கப்பூர் துறைமுக நகரம். வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். சில ஆண்டு உழைத்து, சம்பாதித்து, திரும்பிப் போவதே அவர்கள் எண்ணம். ஆகவே, இங்கே வீட்டைவிடத் தங்குமிடமே முதலில் தேவைப்பட்டது. நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகள். கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் கிடங்கு என்பதே சொல்லின் பொருள். நகரத்தார் அந்த நீண்ட கடைவீடுகளைத் தொழிலுக்கும் தங்குவதற்கும் சேர்த்துப் பயன்படுத்தினர். கீழே கூடத்தில் ஆளுக்கொரு பாய், சாய்வான மேசைப்பெட்டி, பக்கத்தில் ஓர் அலமாரி. ஒரே முகவரியில் பல வட்டிக்கடைகள் நடந்தன. சாப்பாடும் படுக்கையும் அதே கட்டடத்தில். பெட்டியடிப் பையனாக வந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கப்பலேறிச் செட்டிநாட்டுக்குப் போவார். அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார்.

மலாய் மக்களில் பாவியான் தீவினருக்குப் 'பொண்டோக்' என்ற பொது வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் உண்டு. சீனத் தொழிலாளர்களுக்கு, ஒரே ஊரார் ஒன்றாகத் தங்கும் கூலி வீடுகள். மூன்று சமூகத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். படுத்திருப்பவர் யார், எந்த ஊர், யார் சொல்லி வந்தார் என்பது அந்தக் கூரையின் கீழ் ஒருவருக்காவது தெரிந்திருந்தது. கிட்டங்கியில் ஓர் இளைஞன் தவறினால் செய்தி அவன் ஊருக்கே போய்ச் சேரும். எழுதப்பட்ட சட்டத்தைவிட அந்த அச்சம் வலுவாக வேலை செய்தது எனலாம்.

இதை வைத்து, அந்தக் காலம் பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. பெருவாரியான ஏழைகளுக்குக் கிட்டங்கி போன்ற ஏற்பாடு எதுவும் கிடையாது. கடைவீடுகளைப் பலகையால் தடுத்துத் தடுத்துச் சன்னலில்லாத சிற்றறைகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். 1907ல் நகரின் சுகாதாரம் பற்றிப் பேராசிரியர் சிம்சன் அளித்த அறிக்கை, காற்றும் வெளிச்சமும் புகாத இந்த அறைகளையே குறிப்பாகச் சாடியது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டு கழித்து, 1927ல்தான் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி அமைக்கப்பட்டது. அதற்குள் கூட்டம் மேலும் பெருகிவிட்டது. 1947 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 938,000.

அதே 1947ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் ஏழைகளைக் காப்பதே நோக்கம். நடந்ததோ வேறு. உரிமையாளருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட சொற்ப வாடகையைக் கொடுத்துவிட்டு, முதன்மை வாடகைதாரர் அதே வீட்டை அறை அறையாக, சில இடங்களில் படுக்கை படுக்கையாக, உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க வழி பிறந்தது. வாடகை உயராததால், பழுதுபார்க்க உரிமையாளருக்கும் மனம் வரவில்லை. 1950களின் நடுவில் அப்பர் நான்கின் ஸ்திரீட்டில் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வு, ஒரு குடும்பம் முழுவதும் ஒரு சிற்றறைக்குள் வாழ்ந்த நிலையைப் பதிவு செய்தது. அந்தச் சட்டம் 2001ல்தான் முற்றாக நீக்கப்பட்டது. வீட்டைக் கூறுபோட்டு விற்றால் என்ன ஆகும் என்ற பாடத்தைச் சிங்கப்பூர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டதும், 1964ல் வீட்டு உரிமைத் திட்டம் வந்ததும் பலமுறை பேசப்பட்டவை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பொதுப் பணத்தின் துணையோடு கட்டப்படும் வீடு குடியிருக்கத்தான், பிழைப்பு நடத்த அன்று என்ற கொள்கை அப்போதே வேரூன்றியது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், முழு வீட்டையும் வாடகைக்கு விடக் குடிமக்களுக்கு மட்டுமே அனுமதி, ஆறு மாதக் குறைந்தபட்சத் தவணை எல்லாம் அந்தக் கொள்கையின் கிளைகள். நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் இந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களில் நகர மறுமேம்பாட்டுக்கு வழிவிட்டு மறைந்தன. தங்குமிடம் ஹோட்டல்களின் தொழிலானது; வீடு வீடாகவே இருந்தது. இந்தப் பிரிவினையைக் கலைத்தது இணையம். 2008ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக, புக்கிட் தீமாவில் இருக்கும் ஒரு கூட்டுரிமை வீட்டை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் ஓர் இரவுக்குப் பிடிக்கலாம் என்றாகிவிட்டது. சாவி பெட்டிக்குள் இருக்கும். விருந்தினர் உரிமையாளரின் முகத்தைப் பார்க்காமலேயே வந்து போகலாம். 2015ல் 377ஆக இருந்த புகார்கள் 2016ல் 608ஆக உயர்ந்தன. பயணப்பெட்டி உருளும் சத்தம், நள்ளிரவுக் கொண்டாட்டம், நீச்சல்குளத்தில் தெரியாத முகங்கள், யார் யார் கையிலோ நுழைவு அட்டை என்று இத்தகைய புகார்கள் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

2017 பிப்ரவரியில் நாடாளுமன்றம் திட்டமிடல் சட்டத்தைத் திருத்தியது. அனுமதியின்றி வீட்டைக் குறுகியகாலத் தங்குமிடமாக்குவது குற்றம் என்பது அதில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது. அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, தனியார் வீடுகளுக்கு அதுவரை இருந்த ஆறு மாத வரம்பு மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. சட்டம் இறுகிய அதே ஆண்டில் விதி தளர்ந்ததும் உண்மை. பலர் முதல் பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். 2018 ஏப்ரலில், ஒரே கூட்டுரிமைக் குடியிருப்பில் நான்கு வீடுகளை இப்படி நடத்திய இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட முதல் வழக்கு அது.

கதவு முழுவதும் அடைக்கப்படவில்லை என்பதற்கும் அதே 2018ஆம் ஆண்டே சாட்சி. நகர மறுசீரமைப்பு ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஒரு குடியிருப்பில் பங்கு மதிப்பின்படி 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் இணங்கினால், ஒரு வீட்டை ஆண்டுக்கு 90 நாள் வரை குறுகியகாலத்துக்கு விடலாம் என்பது யோசனை. இந்த 80 விழுக்காடு எங்கோ கேட்ட எண்ணாகத் தோன்றுகிறதா? பழைய குடியிருப்புகளை மொத்தமாக விற்கும்போதும் அதே விகிதம்தான் கேட்கப்படுகிறது. அதாவது, ஓர் இரவு விருந்தாளியை அனுமதிப்பதும் கட்டடத்தையே விற்பதும் ஏறக்குறைய ஒரே அளவு பெரிய முடிவாக எடைபோடப்பட்டன. தளங்களை நடத்தியவர்கள் இந்த நிபந்தனைகள் தங்களுக்கு ஒத்துவராது என்றனர். 2019 மே மாதம் ஆணையம் விதிகளை மாற்றப்போவதில்லை என்று அறிவித்தது.

மற்ற நகரங்கள் வேறு கணக்குப் போட்டன. லண்டனில் ஆண்டுக்கு 90 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 30 இரவு. கோலாலம்பூரில் இந்தச் சர்ச்சை கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. நாள் கணக்கில் தங்குபவர் குத்தகைதாரர் அல்லர், தங்க அனுமதி மட்டுமே பெற்றவர் என்று 2020ல் அது தீர்ப்பளித்தது. ஆகவே, நிர்வாகக் குழு இதைத் தடைசெய்ய விதி போடலாம். மலேசியாவில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் சிங்கப்பூரர்கள் இத்தீர்ப்பைக் கவனத்தில் வைப்பது நல்லது.

சிங்கப்பூரின் விதியால் இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் வெளிநாடு போனபின் பெரிய வீட்டில் இருவராக வாழும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு, ஓர் அறையின் வார வாடகை நல்ல துணையாக இருந்திருக்கும். அவர்கள் அந்த வீட்டிலேயே இருப்பதால் விருந்தினருக்குப் பொறுப்பேற்கவும் செய்வார்கள். கிட்டங்கி மேலாளும் பொண்டோக் தலைவரும் செய்த வேலை அதுதான். ஆனால், மூன்று மாதக் கணக்கு அவர்களையும், பத்து வீடுகளை எடுத்து ஆளில்லா ஹோட்டலாக நடத்துபவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உரிமையாளர் உடன் வசிக்கும் வீட்டுக்குத் தனி வழி காண்பது பற்றி இன்னும் பேச இடமிருக்கிறது.

நடைமுறையில் ஒரு சில செய்திகள். ஊரிலிருந்து வரும் உறவினரைப் பணம் பெறாமல் தங்கவைப்பது வாடகையாகாது. அதற்கு யாரும் அஞ்ச வேண்டாம். மூன்று மாத ஒப்பந்தம் எழுதிவிட்டு, ஒரு வாரத்தில் ஆளை மாற்றுவது செல்லாது. உங்கள் வாடகைதாரர் உங்களுக்குத் தெரியாமல் அறையை இணையத்தில் ஏற்றியிருக்கிறாரா என்று அவ்வப்போது பார்ப்பதும் உரிமையாளரின் வேலைதான். சில நாள்களுக்கு இடம் வேண்டுவோருக்கு உரிமம் பெற்ற ஹோட்டல்களும், குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டிய சேவை அடுக்குமாடிகளும் உண்டு. மாதக்கணக்கில் தங்க வருவோருக்காக, குறைந்தது மூன்று மாதம் தங்கும் புதுவகைச் சேவை அடுக்குமாடிகளை முன்னோட்டமாகக் கட்டும் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.