பாகூவின் கறுப்பு நகரம்

1872 வரை பாகூவின் எண்ணெய்க் கிணறுகளை ரஷ்ய ஜார் அரசு குத்தகைக்கு விட்டிருந்தது. அந்த ஆண்டின் கடைசியில் நிலத்தைத் துண்டு துண்டாக ஏலம் போட்டார்கள். காசுள்ளவன் எல்லாம் தோண்டினான். ஊருக்குள்ளேயே அடுப்பு மூட்டிக் கச்சா எண்ணெயைக் காய்ச்சினார்கள். புகை தாங்காத நகர நிர்வாகம் ஆலைகளைக் கிழக்கே, ஊருக்கு வெளியே துரத்தியது. அப்படி உருவான பேட்டைக்குப் பெயர் கறுப்பு நகரம். 1880களில் அங்கே கிட்டத்தட்ட 200 ஆலைகள்.

அத்தனை புகை ஏன்? பாகூ எண்ணெயைக் காய்ச்சினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மண்ணெண்ணெய் தேறும். மிச்சம் மாசூத் என்ற கெட்டிக் கசடு. விறகு கிடைக்காத வறண்ட சீமை அது. கசடையே அடுப்பில் எரித்தார்கள்.

1873இல் ராபர்ட் நோபல் வந்து சேர்ந்தார். நோபல் பரிசு ஆல்ஃபிரடின் அண்ணன். துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம் வாங்கத் தம்பி லுட்விக் கொடுத்தனுப்பிய 25,000 ரூபிளில் ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப்போட்டார்! மரம் வாங்கியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலையில்லை.

அதுவரை எண்ணெய், பீப்பாய்களில் அர்பா எனும் மாட்டு வண்டி, குதிரை வண்டிகளில்தான் ஆலைக்கு வரும். வண்டிக்காரர் சொன்னதே கூலி. 1878இல் நோபல் சகோதரர்கள் எண்ணெய்க் கிணறுகள் இருந்த பாலகானியிலிருந்து கறுப்பு நகரத்துக்கு இரும்புக் குழாய் பதித்தார்கள். பிழைப்புப் போன வண்டிக்காரர்கள் குழாயை உடைத்தார்கள். வழி நெடுகக் காவல் போட வேண்டியதாயிற்று. வரலாற்று நூல்கள் பலவும் இவர்களை வில்லன்களாகவே காட்டுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே குழாயில் சோறு போனவன் வேறென்ன செய்வான்?

தொழிலாளிகள் கரியிலும் எண்ணெய்ச் சேற்றிலும் கிடக்க, நோபல்கள் தங்கள் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பக்கத்திலேயே 'வில்லா பெட்ரோலியா' என்ற சோலையை எழுப்பினார்கள். அந்த உப்பு மண்ணில் எதுவும் முளைக்காது. லங்காரனிலிருந்து நல்ல மண் வந்தது. வோல்கா கரையில் மண்ணெண்ணெய் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கப்பல்களில் ஆற்று நீர் வந்தது. புகையை உண்டாக்கியவர்களே அதிலிருந்து தப்பிக்கச் செய்த செலவு இது.

1883இல் கருங்கடல் துறைமுகமான பட்டூமிக்கு ரயில் பாதை முடிந்ததும் பாகூ மண்ணெண்ணெய்க்கு உலகச் சந்தை திறந்தது. 1892 ஆகஸ்டில் 'மியூரெக்ஸ்' என்ற டேங்கர் கப்பல் பட்டூமியில் ஏற்றிய சரக்கோடு சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூருக்குப் போனது. கப்பலை அனுப்பியவர் மார்கஸ் சாமுவேல். அவர் நிறுவிய கம்பெனிதான் ஷெல். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.