கேல் நகரத்து வீடுகள்

பெல்ஜிய நாட்டின் கேல் நகரில், மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவுக்கு ஓர் ஆலயம் உண்டு. இடைக்காலத்தில் உறவினர் தம் நோயாளரை அங்கே அழைத்து வந்தனர். ஆலயத்தை ஒட்டிய இல்லத்தில் ஒன்பது நாள் வழிபாடு நடைபெறும். இடம் போதாதபோது ஊரார் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றனர். குணமாகாதோர் அங்கேயே தங்கி, வயலிலும் அடுப்படியிலும் கைகொடுத்தனர்.

1850-இல் அரசு இப்பணியை ஏற்றது. 1862-இல் மருத்துவமனை எழுந்தது. பிற நாடுகள் மனநோயாளரை மதிலுக்குள் அடைத்துக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. கேலிலோ மருத்துவமனை வந்த பின்னும் வீடுகள் நிலைத்தன. வீட்டாருக்கு மருத்துவப் பயிற்சி இல்லை. நோயின் பெயரும் அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆயினும் உறக்கம் குறைவதையும் உணவு ஒதுக்கப்படுவதையும் முதலில் காண்பவர் இல்லத்தலைவியே. வீடு தேடி வரும் செவிலியர் அவரிடமே கேட்டறிகிறார். மருத்துவரின் முடிவு அதையும் கொண்டே அமைகிறது. வந்தவரை அங்கு நோயாளர் என்பதில்லை. உண்டு உறைபவர் என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பர்.

இதனை வெறும் பக்தி எனல் ஆகாது. வீட்டாருக்குப் படித்தொகை உண்டு. உழைக்கும் கைகளும் கிடைத்தன. அதனால் அன்பு பொய்யாகிவிடவில்லை என்றே கருதுகிறேன்.

1930-களின் இறுதியில் இவ்வாறு தங்கியோர் 3,700-க்கும் மேல். 2023-இல் யுனெஸ்கோ இம்மரபைப் போற்றிப் பதிவு செய்தது. இன்றோ அவர்கள் மிகச் சிலரே. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீடுகளில், பகலில் உடனிருக்க ஆளில்லை.